தெளியும் வரை

உறங்குகின்றவர், பருவம் எய்தாத குழந்தை, சித்தம் கலங்கியவர் ஆகிய மூவரின் செயல்களும் ஏட்டில் எழுதப்படுவதில்லை என்பது நாம் அனைவரும் அறிந்த நபிமொழியின் கருத்து. இம்மூவரை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது. தொழுகை தவறியதற்காகச் சித்தம் கலங்கியவரிடம் கேள்வி இல்லை. நோன்பு விட்டதற்காகக் கணக்கு இல்லை. அறிவு கலங்கியவரைச் சாபத்துக்கு ஆளானவராகவும் குற்றவாளியாகவும் உலகின் பல பகுதிகள் நடத்திவந்திருக்கின்றன. அத்தகைய உலகில் இந்த விலக்கு எத்துணைப் பெரிய கருணை என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்நபிமொழியில் நாம் போதிய அளவு கவனியாத சொல் ஒன்று உண்டு. 'வரை' என்பதே அது. உறங்குகின்றவர் விழிக்கும் வரை, குழந்தை பருவம் எய்தும் வரை, கலங்கியவர் தெளியும் வரை என மூன்று விலக்குகளும் எல்லை குறித்த விலக்குகளாகவே வருகின்றன. உறங்குகின்றவர் இனி விழிக்கவே மாட்டார் என்று எவரும் போர்வையால் முகத்தை மூடிவிடுவதில்லை. குழந்தை இனி வளரவே வளராது என்று எந்தத் தாயும் எண்ணுவதில்லை. சித்தம் கலங்கியவர் விஷயத்தில் மட்டும், எல்லையை மறந்து, விலக்கை நிரந்தரமாக்கிவிடுகின்றோம்.

இங்கேதான் ஒரு கேள்வி எழுகின்றது. ஒருவர் மீதிருந்த கடமைகள் இறக்கி வைக்கப்பட்டபோது, அவருக்குரிய உரிமைகளும் உடன் இறக்கப்பட்டனவா? உழைப்பு மனிதனுக்குக் கடமை. அதே சமயம் உரிமையும் ஆகும். கடமை என்ற வகையில் அவரிடம் உழைப்பைக் கேட்கக் கூடாது. உரிமை என்ற வகையில் அவரிடமிருந்து அதைப் பறிக்கலாமா?

போடியில் ஒரு வீடு

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த போடிநாயக்கனூரில் உழைப்பைக் காணாமல் எவரும் ஒரு தெருவைக் கடக்க இயலாது. சுபுஹுத் தொழுகை முடிந்து திரும்புவோரின் எதிரே, மலைத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் விரைகின்றன. போடிமெட்டு வழியாகக் கேரளத்து ஏலமலைகளுக்குச் சென்று, பகலெல்லாம் குனிந்து காய் எடுத்து, மாலையில் அடிவாரம் திரும்புகின்ற ஆணும் பெண்ணும் பல்லாயிரவர். ஊருக்குள் ஏலக்காய்க் கடைகளில் காயைப் புடைப்பதும் சலிப்பதும் தரம் பிரிப்பதும் நாள்தோறும் நடைபெறுகின்றன. நாட்டின் ஏலக்காய் ஏலம் நடைபெறும் முக்கியமான இரண்டு இடங்களுள் போடி ஒன்று; மற்றொன்று மலைக்கு அப்பால் உள்ள புற்றடி. ஊரே நறுமணத்தை எடைபோட்டுப் பிழைக்கின்றது எனலாம்.

அவ்வூரில் ஒரு வீட்டை மனத்தில் எண்ணிப் பார்ப்போம். நமக்குத் தெரிந்த எந்த வீடாகவும் அதைக் கொள்ளலாம். இருபது வயதில் அவ்வீட்டுப் பிள்ளைக்குச் சித்தம் கலங்கியது. காதில் யாரோ பேசுவதாகச் சொன்னான், உறக்கம் போயிற்று, சோற்றில் நஞ்சு இருப்பதாக அஞ்சினான். ஓதிப் பார்த்தார்கள்; தர்காக்களுக்குச் சென்றார்கள்; பிறகு மருத்துவரிடம் காட்டினார்கள். மாத்திரைகள் வேலை செய்தன. குரல்கள் ஓய்ந்தன, அச்சம் தணிந்தது. இப்போது அவனுக்கு இருபத்தெட்டு வயது. காலையில் எழுகின்றான், தேநீர் குடிக்கின்றான், திண்ணையில் அமர்கின்றான். மாலையில் அதே திண்ணையிலிருந்து எழுகின்றான்.

எப்போதாவது கடைக்குப் போகும் மூட்டையைத் தூக்க அவன் எழுந்தால், தாய் பதறுகின்றாள். "நீ உக்காரு அத்தா, உனக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்? தம்பி பாத்துக்கிடுவான்" என்கின்றாள். தகப்பனார் அவனைக் கடைக்கு அழைப்பதில்லை. வியாபாரிகள் வந்து போகும் இடம், ஏதேனும் ஆகிவிட்டால் என்ன செய்வது என்பது அவருடைய கவலை. நிக்காஹ் வீட்டுக்கு எல்லாரும் புறப்படும்போது வீட்டைப் பார்த்துக்கொள்ள அவன் இருக்கின்றான். இவ்வீட்டில் கொடியவர் எவரும் இல்லை. எல்லாம் அன்பினால் நடைபெறுகின்றது. ஆயினும் அந்தப் பிள்ளையை நோக்கி அவ்வீடு ஒவ்வொரு நாளும் சொல்லும் செய்தி ஒன்றுதான்: நீ இல்லாவிட்டாலும் இங்கே எதுவும் நின்றுவிடாது.

நோய் பறிப்பவை இரண்டு

மனச்சிதைவு போன்ற நீண்ட நோய்கள் மனிதனுக்கு இருவகைக் கேடு செய்கின்றன. இல்லாதவற்றைச் சேர்ப்பது ஒன்று: இல்லாத குரல், இல்லாத பகை, இல்லாத அச்சம். இருப்பவற்றை எடுத்துவிடுவது மற்றொன்று: ஊக்கம், விருப்பம், ஒரு காரியத்தைத் தொடங்கி முடிக்கும் ஆற்றல், பிறரோடு பழகும் எளிமை. முதல் வகைக் கேட்டை மருந்து பெரும்பாலும் அடக்குகின்றது. இரண்டாம் வகையில் மருந்தின் கை அவ்வளவு தூரம் எட்டுவதில்லை. திண்ணையில் அமர்ந்திருக்கும் பிள்ளையைச் 'சோம்பேறி' என்று உறவினர் சொல்லும்போது, நோயின் இரண்டாம் பாதியைத்தான் அவர்கள் குற்றமாக எண்ணிவிடுகின்றார்கள்.

இந்த இரண்டாம் பாதிக்கு எழுந்த மருத்துவமே தொழில்வழிச் சிகிச்சை. ஆங்கிலத்தில் ஆக்குபேஷனல் தெரபி என்று வழங்குவது இதுதான். இதன் வேர்கள் பழையவை. கி.பி. 1154இல் டமாஸ்கஸில் நூருத்தீன் எழுப்பிய மருத்துவமனையிலும், 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் அமைத்த மருத்துவமனையிலும் மனநோயாளிக்கும் பிற நோயாளிகளைப் போலவே இடம் இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சில் பினெலும், இங்கிலாந்தின் யார்க் நகரில் டூக் குடும்பத்தினரும் நோயாளியை அடைத்துவைப்பதை விடுத்து, ஒழுங்கான நாளும் பயனுள்ள வேலையும் தந்தனர். 1917இல் அமெரிக்காவில் இதற்கெனத் தனிச் சங்கம் தோன்றிற்று. நம் நாட்டில் 1950இல் கமலா நிம்ப்கர் மும்பையின் கே.இ.எம். மருத்துவமனையில் முதல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார்.

தமிழகத்திலும் இதற்கு நல்ல மரபு உண்டு. 1794இல் தொடங்கிய பழமை வாய்ந்த சென்னை மனநல மருத்துவமனையில், கீழ்ப்பாக்கத்து வளாகத்தில், நோயாளிகள் ரொட்டி செய்வதும் நெசவும் தையலும் சிகிச்சையின் பகுதிகளாயின. அம்மருத்துவமனையை 1961 முதல் 1978 வரை தலைமையேற்று நடத்திய டாக்டர் சாரதா மேனன், ஓய்வு பெற்ற பின் 1984இல் 'ஸ்கார்ஃப்' என்னும் மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தை நிறுவி, மருந்துக்குப் பிந்திய வாழ்வைத் தம் பணியின் மையமாகக் கொண்டார். நோயாளி வீடு திரும்புவதோடு மருத்துவம் முடிவதில்லை; திரும்பிய வீட்டில் அவருக்கு ஓர் இடம் கிடைக்கும்போதே முடிகின்றது என்பதே இத்தகைய முயற்சிகளின் சாரம்.

ஏலக்காய் கற்பிப்பது

ஏதேனும் ஒரு வேலையை நோயாளியின் கையில் திணிப்பதே தொழில்வழிச் சிகிச்சை என்று எண்ணிவிடக் கூடாது. ஆளை அறிந்து, வேலையை அறிந்து, இரண்டையும் பொருத்துவது அதன் நுட்பம். போடியின் தொழிலைக் கொண்டே இதை விளக்கலாம்.

ஏலச்செடி உச்சியில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து கிளம்பித் தரையோடு தரையாகக் கிடக்கும் சரங்களில் காய்க்கின்றது. ஒரே சரத்தில் பூவும் பிஞ்சும் முற்றிய காயும் சேர்ந்திருக்கும். முற்றியதை மட்டும் எடுத்து, மற்றதை விட்டுவிட்டு, முப்பது நாற்பது நாள் கழித்து அதே செடிக்குத் திரும்ப வேண்டும். அவசரப்பட்டுப் பறித்த பிஞ்சு உலரும்போது சுருங்கிப்போகும். மிகப் பழுத்த காய் வெடித்துவிடும். பறித்த காய் உலர்கூடத்தில் ஏறத்தாழ ஒரு நாள் மிதமான சூட்டில் பசுமை கெடாமல் காய வேண்டும். ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் ஒரு கிலோ அளவே தேறும். அதன் பின்னரே காம்பு நீக்குதலும் சலித்தலும் தரம் பிரித்தலும் வருகின்றன.

இவ்வேலைகளை ஒரு சிகிச்சையாளரின் கண்ணோடு பாருங்கள். ஒரு தட்டுக் காயில் காம்பு நீக்குவதற்குக் கை மட்டும் போதும். கால் மணி நேரத்தில் முடியும். முடிந்தது கண்ணுக்குத் தெரியும். சல்லடையில் பெருங்காயையும் சிறுகாயையும் பிரிப்பதற்குக் கையோடு பொறுமையும் வேண்டும். நிறம் பார்த்துத் தரம் பிரிப்பதற்குத் தீர்ப்பு வேண்டும்: இது பச்சையா, வெளிறியதா, வெடித்ததா? எடைபோட்டு ஏட்டில் எழுதுவதற்கு நினைவாற்றலும் எண்ணும் வேண்டும். ஏலத்துக்கு மாதிரி எடுத்துச் செல்வதற்கு மனிதரை எதிர்கொள்ளும் துணிவு வேண்டும். கையிலிருந்து கண்ணுக்கு, கண்ணிலிருந்து எண்ணுக்கு, எண்ணிலிருந்து மனிதருக்கு என இங்கே படிகள் ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கின்றன. முதல் வாரத்தில் ஒரு தட்டு. அது பழகிய பின் இரண்டு தட்டு. தளர்ந்தால் ஒரு படி இறங்கி மீண்டும் ஏறலாம். இறங்குவது தோல்வி அன்று.

பொருத்துவதில் வேறு சில கவனங்களும் உண்டு. மனநோய்க்கான மருந்துகளில் பல காலையில் மயக்கம் தருபவை. ஆகவே வேலை பத்து மணிக்குத் தொடங்கட்டும். சிலருக்குக் கை நடுக்கம் இருக்கும். அவர்களுக்கு நுண்ணிய வேலை வேண்டா. மயக்கமுள்ளவரைச் செங்குத்தான சரிவுக்கும் உலர்கூட அடுப்புக்கும் அனுப்பக் கூடாது. கூச்சலுக்கு அஞ்சுபவர் மூலையில் ஒருவர் துணையோடு அமரட்டும். வேலை தொடங்கிவிட்டது என்று மருந்தை நிறுத்திவிடுதல் பெருந்தவறு. மருந்து கரையை உயர்த்துகின்றது, வேலை அக்கரைக்குள் நீரை ஓடச் செய்கின்றது. ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பாது.

கட்டிய கையும் கட்டாத கையும்

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். நோயாளியிடம் வேலை வாங்குவது சுரண்டலாகாதா? மறுப்பு நியாயமானது. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் ஆட்சியின் மனநோய் விடுதிகளில் தோட்ட வேலையும் நெசவும் இருந்தன. அவற்றின் வருமானத்தால் விடுதிச் செலவை ஈடுகட்டும் நோக்கமும் உடன் இருந்தது. சிகிச்சையின் பெயரால் கூலியில்லா ஆளைப் பெறும் ஆசை எக்காலத்திலும் மனிதனுக்கு உண்டு.

இரண்டையும் பிரித்தறியும் அளவுகோல் எது? வேலையின் பயன் முதலில் யாரைச் சேருகின்றது என்பதே. 'வேண்டாம்' என்று சொல்ல அவருக்கு உரிமை இருக்கின்றதா? செய்த வேலைக்கு உரிய கூலி அவர் கையில் சேருகின்றதா? இவ்விரண்டுக்கும் 'ஆம்' என்ற விடை இல்லாதவிடத்து அது சிகிச்சை அன்று. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் இதையே சொல்கின்றது: மனநல நிலையத்தில் எவரையும் வேலைக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது, செய்த வேலைக்குத் தகுந்த ஊதியம் தரவேண்டும். நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதையும் அச்சட்டம் தடை செய்கின்றது.

சங்கிலி என்றதும் நம் சமுதாயத்தின் நெஞ்சில் ஆறாத புண் ஒன்று வலிக்கின்றது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அதிகாலையில் ஏர்வாடியில் தனியார் நடத்திய மனநோயாளர் விடுதியொன்றில் தீப்பிடித்தது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட இயலாமல் 28 பேர் மாண்டனர். நம்பிக்கையோடு உறவினர் கொண்டுவந்து விட்டுச் சென்ற உயிர்கள் அவை. அதன் பிறகே முறையற்ற விடுதிகள் மூடப்பட்டன; உச்சநீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. பிற்காலத்தில் அதே ஏர்வாடியில் மருந்தும் துஆவும் இணைந்து செல்லும் திட்டமும் வந்தது.

இதனோடு வேறொரு ஊரை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பெல்ஜியத்தில் கீல் என்றொரு சிற்றூர். அங்கும் ஒரு புனிதத் தலம் உண்டு. இடைக்காலம் முதலே மனம் கலங்கியோரை அங்கே அழைத்து வந்தனர். தங்க இடம் போதாதபோது ஊர்க் குடியானவர்கள் அவர்களைத் தத்தம் வீடுகளில் ஏற்றனர். வீட்டில் இருந்தவர் வீட்டு வேலையிலும் வயல் வேலையிலும் இயன்ற அளவு சேர்ந்துகொண்டார். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அரசின் மேற்பார்வை ஏற்பட்டது. 1930களின் இறுதியில் 3,700 பேருக்கு மேற்பட்டோர் அவ்வாறு அங்கே குடும்பங்களோடு வாழ்ந்தனர். அங்கும் குறைகள் இருந்திருக்கும். மலிவான ஆள் என்று எண்ணிய வீட்டாரும் இருந்திருப்பர். ஆயினும் இரண்டு ஊர்களின் தொடக்கமும் ஒன்றே: நோயும், நம்பிக்கையும், நெடும்பயணமும். ஒன்றில் வந்தவரின் கையைக் கட்டினார்கள்; மற்றொன்றில் அந்தக் கைக்கு ஒரு வேலை தந்தார்கள். விளைவுகள் இவ்வளவு வேறாயின.

1960களின் பிற்பகுதியில் உலக நலவாழ்வு நிறுவனம் 9 நாடுகளில் 1,202 நோயாளிகளைக் கொண்டு தொடங்கிய ஆய்வும் இங்கே நினைக்கத்தக்கது. இந்தியாவின் ஆக்ரா அதன் மையங்களுள் ஒன்று. பின்னர்த் தொடர்ந்து பார்த்தபோது, செல்வ நாடுகளைவிட இந்தியா, நைஜீரியா, கொலம்பியா ஆகிய நாடுகளில் மனச்சிதைவு நோயாளர் பலர் நன்கு தேறியிருந்தனர். காரணம் யாது என்பது பற்றி அறிஞரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. குடும்பம் கைவிடாமையும், நோயாளி திரும்பிச் சேரத்தக்க எளிய வேலைகள் வீட்டிலும் வயலிலும் இருந்தமையும் காரணங்களாகலாம் என்பது அவர்கள் கூறியவற்றுள் ஒன்று. அது உண்மையாயின், நம்மிடம் இருந்த செல்வத்தையே நாம் திண்ணையில் இழந்துகொண்டிருக்கின்றோம்.

கோடரியின் காம்பு

அபூதாவூதில் பதிவாகியுள்ள நிகழ்ச்சி ஒன்று நமக்குப் பழக்கமானது. அன்சாரித் தோழர் ஒருவர் அண்ணலாரிடம் உதவி கேட்டு வருகின்றார். வீட்டில் என்ன இருக்கின்றது என்று நபிகள் நாயகம் (ஸல்) வினவுகின்றார்கள். ஒரு விரிப்பும் ஒரு குவளையுமே இருந்தன. அவற்றைக் கொண்டுவரச் செய்து, அவையில் ஏலம் கூறி, இரண்டு திர்ஹத்துக்கு விற்றுத் தருகின்றார்கள். ஒன்றில் குடும்பத்துக்கு உணவு. மற்றொன்றில் ஒரு கோடரி. அக்கோடரிக்குத் தம் திருக்கரத்தாலேயே காம்பு மாட்டிக் கொடுத்து, விறகு வெட்டி விற்கும்படியும், பதினைந்து நாள் கழித்து வரும்படியும் அனுப்புகின்றார்கள். திரும்பி வந்தபோது அவர் கையில் பத்துத் திர்ஹம் இருந்தது.

யாசகத்தைக் கண்டிக்கும் நிகழ்ச்சியாகவே இதை மேடைகளில் கேட்கின்றோம். அந்தத் தோழர் வறியவர், நோயாளர் அல்லர். ஆயினும் இதில் உள்ள ஒழுங்கைப் பாருங்கள். இல்லாததைக் கேட்காமல் இருப்பதைக் கேட்டார்கள். உழைப்புக்கு முன் பசிக்கு வழி செய்தார்கள். அறிவுரையோடு நிறுத்தாமல் கருவியைப் பொருத்திக் கொடுத்தார்கள். 'போய் உழை' என்று கைவிடாமல், திரும்பி வரும் நாளைக் குறித்தார்கள். தொழில்வழிச் சிகிச்சையில் தேர்ந்த ஒருவர் இன்று செய்வதும் ஏறத்தாழ இந்த வரிசைதான். நாமோ கோடரியைக் காட்டிப் பேசுகின்றோம். காம்பு மாட்டித் தருவதற்கு நேரம் ஒதுக்குவதில்லை.

எழுதுகோல் உயர்த்தப்பட்டவருள் குழந்தையும் ஒருவர் என்பதை மீண்டும் நினைப்போம். பருவம் எய்தும் வரை குழந்தைக்குத் தொழுகை கடமை இல்லை. ஆனால் ஏழு வயதிலேயே தொழுகையைப் பழக்கும்படி நாம் பணிக்கப்பட்டிருக்கின்றோம். கணக்கு எழுதப்படாத காலம் சும்மா இருக்கும் காலம் அன்று; பழகும் காலம் என்பது இதனால் விளங்குகின்றது. அநாதையின் சொத்தை அவரிடம் ஒப்படைக்கும் முன் அவரைச் சோதித்துப் பார்க்குமாறு திருமறை பணிக்கின்றது. சிறு கொடுக்கல் வாங்கலை ஒப்படைத்துப் பார்ப்பதே அச்சோதனை என்று சட்ட அறிஞர்கள் விளக்கினர். ஒப்படைத்தாலன்றித் தெளிவு தெரியாது. திண்ணையில் அமர்த்திவைத்துவிட்டுத் தெளிந்தாரா என்று பார்ப்பது எவ்வாறு?

இதற்காகப் பெரிய நிறுவனம் எழும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மருந்தும் ஆலோசனையும் கிடைக்கின்றன. 2022இல் தொடங்கிய அரசின் 14416 என்னும் தொலைபேசி எண்ணில் எந்நேரமும் பேசலாம். ஏலக்காய்க் கடை வைத்திருப்பவர் ஒரு மூலையையும் ஒரு சல்லடையையும் ஒதுக்கலாம். பிள்ளை செய்த அளவுக்குக் கூலியை அவன் கையிலேயே தரலாம். ஜமாஅத்தார் உதவித்தொகை கொடுப்பதோடு நில்லாமல், அவனுக்கு ஏற்ற பணி எது என்று மருத்துவரைக் கேட்டறியலாம். தாய் மூட்டையின் ஒரு முனையை அவனிடம் விட்டு, மறுமுனையைத் தான் பிடிக்கலாம்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. எத்தனை முயன்றாலும் எந்த வேலைக்கும் திரும்ப இயலாதவர் சிலர் இருப்பர். உழைக்க இயலாத காரணத்தால் அவர் மதிப்பு ஓர் எள்ளளவும் குறைவதில்லை. மனிதன் பயன்படுவதனால் மனிதனாகின்றான் என்று நாம் சொல்லத் தொடங்கினால், சங்கிலியைவிடக் கொடிய ஒன்றைக் கையில் எடுத்தவர்களாவோம். உழைப்பு அவருக்கு நாம் திறந்து வைக்கும் கதவு. உள்ளே வருவதற்கு வாங்கும் கட்டணம் அன்று. அவர் வராவிட்டாலும் கதவு திறந்தே இருக்க வேண்டும்.

எழுதுகோலை உயர்த்தியவன் இறைவன். அது எப்போது மீண்டும் இறங்கும் என்பதும் அவனுடைய அறிவில் உள்ளது. 'தெளியும் வரை' என்ற அந்த இடைக்காலமே நம் பொறுப்பில் விடப்பட்டிருக்கின்றது. அதை நாம் எவ்வாறு நிரப்பினோம் என்பது அவருடைய ஏட்டில் எழுதப்படுவதில்லை. நம்முடைய ஏட்டில்தான் எழுதப்படுகின்றது.